பச்சிளம் குழந்தைக்குக் குடல் முறுக்கு ஆபரேஷன்: டியூபில் இன்னும் பச்சையாகவே வருகிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

களத்துமேடு
இரவு 11.50

எல்லாருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தை வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டைப் செய்கிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், தூக்கம் வரவில்லை.

எங்களுக்கு மன்னார்குடி பக்கம் ஊர். நான் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர். குறுவை அறுப்பு நேரம், மழை வேறு. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிய நெல்லை வாங்க முடியாது என்று களத்தில் தினம் வாக்குவாதம். அதற்கு நடுவில்தான் மன்னார்குடி மருத்துவமனையில் என் மனைவிக்கு சிசேரியன் ஆகி ஆண் குழந்தை பிறந்தது. எடை 2 கிலோ 900. பிறந்ததும் நன்றாக அழுதான், பால் குடித்தான், கறுப்பாக மலமும் போனான். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி பால் குடித்த கொஞ்ச நேரத்தில் கக்கினான். வெள்ளையாக இல்லை, நல்ல பச்சை. அங்கே இரவு வேலையில் இருந்தவர்கள் பித்தம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். அம்மா, "இது குடலேத்தம்டா, நம்ம தெரு ஆயாவைக் கூட்டிட்டு வந்து ஒரு தட்டுத் தட்டினா சரியாயிடும்" என்றார். விடியற்காலையில் மறுபடி கக்கினான், அதே பச்சை. அதற்குப் பிறகு மார்பில் வைத்தாலும் வாயைத் திறக்கவில்லை.

காலையில் குழந்தை டாக்டர் வந்தார். மாமியார் அந்தத் துணியை அலசாமல் பாலிதீன் பையில் சுருட்டி வைத்திருந்தார். அதை விரித்துக் காட்டியதும் டாக்டரின் முகம் மாறிவிட்டது. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், மெத்தென்றுதான் இருந்தது. "வயிறு மெத்துனு இருக்கேன்னு உக்காந்திருக்கக் கூடாதுங்க. பிறந்த குழந்தை பச்சையா வாந்தி எடுத்தா, இல்லைன்னு நிரூபிக்கிற வரைக்கும் குடல் அடைப்புதான்" என்று சொல்லிக்கொண்டே 108-க்குப் போன் போட்டார். பால் நிறுத்தம், மூக்கு வழியாக ஒரு டியூப், கையில் டிரிப். வடுவூர் தாண்டும்போது குழந்தை முனகுவதுகூட நின்றுவிட்டது. ஆம்புலன்சில் இருந்த தம்பி மட்டும் விடாமல் அவன் பாதத்தைத் தட்டிக்கொண்டே வந்தார்.

இங்கே வந்ததும் ஸ்கேன். குடலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுழலாகச் சுற்றிக்கொண்டிருப்பது தெரிகிறது, உடனே திறக்க வேண்டும் என்றார் சர்ஜன். நாளெல்லாம் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவன் நான், அந்தப் பேப்பரில் பேனா ஓடவில்லை. மச்சான் பக்கத்தில் நின்று இடத்தைக் காட்டினார்.

ஆபரேஷன் முடிந்து சர்ஜன் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். குடல் பிறவியிலேயே சரியான இடத்தில் உட்காரவில்லை. அதனால் மொத்தமாக முறுக்கிக்கொண்டது. பிரித்து விட்டோம். முக்கால்வாசி நிறம் திரும்பி சிவந்துவிட்டது. ஒரு சின்ன இடம் மட்டும் ஊதாவாகவே இருக்கிறது, சந்தேகம். இப்போதே வெட்டவில்லை, நாளை மறுநாள் திரும்பத் திறந்து பார்ப்போம். அப்பெண்டிக்ஸை எடுத்துவிட்டோம். இவ்வளவுதான் சொன்னார். அவருக்கு அடுத்த கேஸ் காத்திருந்தது.

அது நேற்று. நாளைக் காலை மறுபடி திறக்கிறார்கள். குழந்தை வெண்டிலேட்டரில், மயக்கத்தில் இருக்கிறான்.

என் சந்தேகங்கள் இவைதான். முறுக்கைப் பிரித்தாகிவிட்டது என்றால் டியூபில் ஏன் இன்னும் பச்சையாகவே வருகிறது? 6 மணி நேரத்துக்கு ஒருமுறை சிஸ்டரிடம் கேட்டு சீட்டுப் புத்தகத்தின் பின்பக்கம் எழுதி வருகிறேன்: 22 மி.லி., 19, 15, 11. மறுபடி முறுக்கிக்கொண்டதா? நன்றாக இருந்த அப்பெண்டிக்ஸை எதற்காக எடுத்தார்கள்? பால் எப்போது கொடுப்பார்கள்?

இன்னொன்று. என் மனைவிக்கு இன்னும் விஷயம் தெரியாது. தையல் போட்ட உடம்பு, அதிர்ச்சியில் பால் வற்றிவிடும் என்று பெரியவர்கள் சேர்ந்து, குழந்தைக்கு மஞ்சள் காமாலை, லைட்டில் வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். போன் வரும்போதெல்லாம் நான் வராந்தாவின் கடைசிக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறேன். அவள் கருத்தரித்த புதிதில் பப்பாளி சாப்பிட்டதால்தான் இப்படி என்று இங்கே ஒரு பேச்சும் கிளம்பியிருக்கிறது. சொல்லலாமா, வேண்டாமா?


பாட்டிவைத்தியம்
இரவு 12.15

தம்பி, மனசை விடாதீங்க. எங்க பேரனுக்கும் பச்சையா கக்கல் வந்துச்சு. குடல் தட்டி, வசம்பைச் சுட்டு உரசி நாக்குல வச்சதும் நின்னுடுச்சு. இப்ப இருக்கிற டாக்டர்கள் எதுக்கெடுத்தாலும் கத்தியைத் தூக்குறாங்க. வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை தட்டிப் பாருங்க. புள்ளை நல்லா வருவான்.


வைகைக்கரை
இரவு 12.31

பாட்டி, உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் இந்தத் திரியை நாளைக்கு வேறொரு அப்பா தேடி வந்து படிப்பார், அதனால் சொல்கிறேன். முறுக்கிய குடலைத் தடவினால் பிரியாது. தட்டுகிறேன் என்று போகும் அந்த இரண்டு மணி நேரத்தில் குடல் செத்துவிடலாம். வயிறு திறந்து தைத்த குழந்தையைத் தலைகீழாகத் தூக்கித் தட்டினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நாக்கில் வசம்பும் வேண்டாம்.

களத்துமேடு அண்ணா, காலையில் விரிவாக எழுதுகிறேன். என் மகளுக்கும் இதே ஆபரேஷன் நடந்தது. இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், சற்று முன்புதான் ஹோம்வொர்க்குக்காக என்னிடம் சண்டை போட்டுவிட்டுத் தூங்கினாள்.


வார்டு அக்கா
அதிகாலை 5.10

தம்பி, நான் குழந்தை அறுவை சிகிச்சை வார்டில் ஸ்டாஃப் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் குழந்தையை நான் பார்க்கவில்லை, பார்க்கிற டாக்டர் சொல்வதுதான் முடிவு. வார்டில் பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் நோட்டுப் புத்தகம். 22, 19, 15, 11 என்று இறங்கிக்கொண்டு வருவதைக் கவனித்தீர்களா? நாங்கள் நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை, அளவு எந்தப் பக்கம் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்போம். முறுக்கைப் பிரித்தாலும் குடல் உடனே வேலையைத் தொடங்காது. ரத்தம் இல்லாமல் கிடந்தது, பிறகு டாக்டர் கைகளில் புரண்டது, அது கொஞ்ச நாள் அசையாமல் படுத்துவிடும். கீழே போக வேண்டிய பித்தநீர் போக வழியில்லாமல் இரைப்பைக்கு ஏறி வரும். மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டிருப்பதே அதை வெளியே எடுக்கத்தான். உள்ளேயே நின்றால் வயிறு உப்பும், வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். ஆகவே பச்சை வருவது டியூப் வேலை செய்கிறது என்பதற்கும் அடையாளம். கரும்பச்சை வெளிறி, வெளிர்பச்சையாகி, அப்புறம் தண்ணீராகும், அளவும் குறையும். குறைந்து வந்தது திடீரென்று ஏறினாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, வயிறு விறைத்துப் பளபளத்தாலோ டாக்டர்கள் ஓடி வருவார்கள். நீங்கள் சொல்லும் வரை காத்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய வேறு இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, சிறுநீர். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஒரு மி.லி.யாவது போக வேண்டும். உங்கள் பையனுக்கு மணிக்கு 3 மி.லி.யாவது. அது போனால் உடம்புக்குள் ரத்த ஓட்டம் தேவலை என்று பொருள். இன்னொன்று, ரத்தத்தில் லாக்டேட் இறங்குகிறதா என்பது. குடலுக்கோ வேறு எதற்கோ ரத்தம் போதாதபோது அது ஏறும். "லாக்டேட் நேற்றைக்கு இன்னைக்கு எப்படி இருக்கு டாக்டர்?" என்று கேளுங்கள். ஒரு வரியில் பதில் வரும், உங்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

திரும்பத் திறப்பதை நினைத்துப் பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், பயம் வரத்தான் செய்யும். ஆனால் அது முதல் ஆபரேஷன் தோற்றுப்போனதால் செய்வதல்ல. சந்தேகமான குடலை அன்றைக்கே வெட்டிப் போட்டால் வேலை சுலபம். பிழைக்கக்கூடிய குடலும் சேர்ந்து போய்விடுமே என்றுதான் 24 முதல் 48 மணி நேரம் கழித்துத் திறந்து பார்க்கிறார்கள். அதற்குள் தேறுவது தேறிவிடும், தேறாததன் எல்லையும் தெளிவாகத் தெரியும். உங்கள் சர்ஜன் குடலை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்.

அப்பெண்டிக்ஸ். இந்த ஆபரேஷனை 1936-இல் பாஸ்டனில் இருந்த லாட் என்ற சர்ஜன் விவரித்து எழுதினார், அதனால் லாட் ஆபரேஷன் என்பார்கள். டிஸ்சார்ஜ் அட்டையிலும் அந்தப் பெயர்தான் இருக்கும். முறுக்கைப் பிரித்து, குறுக்கே இழுத்துப் பிடிக்கும் பட்டைகளை வெட்டி, ரத்தக்குழாய் இருக்கும் ஜவ்வின் அடிப்பகுதியை அகலமாக விரித்து விடுவார்கள். அடி குறுகலாக இருப்பதுதான் முறுக்குவதற்கே காரணம். பிறகு சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் வைத்து மூடுவார்கள். ஆமாம், நம்மைப்போல் மாற்றிச் சரியாக வைப்பதில்லை. மறுபடி முறுக்காத விதத்தில் வைப்பதுதான் நோக்கம். அப்படி வைத்தால் அப்பெண்டிக்ஸ் இடப்பக்கம் போய்விடும். பிற்காலத்தில் அது வீங்கினால் வலி வேறு இடத்தில் வரும், எந்த டாக்டருக்கும் சட்டென்று பிடிபடாது. அதனால் முன்கூட்டியே எடுத்துவிடுவது வழக்கம்.

பால் பற்றி. டியூபில் வருவது தெளிந்து குறைய வேண்டும், வயிற்று உப்பல் வடிய வேண்டும், மலம் போக வேண்டும். அப்புறம் ஒன்றிரண்டு மி.லி. தாய்ப்பாலில் ஆரம்பித்து நாளுக்கு நாள் ஏற்றுவார்கள். எத்தனை நாள் என்று இப்போது யார் சொன்னாலும் நம்பாதீர்கள், குடல் வெட்ட நேர்ந்தால் இன்னும் தள்ளும். அதுவரை ரத்தக்குழாய் வழியாகவே சத்து போகும். அதில் கொழுப்பு மருந்து ஒன்று வெள்ளையாக இருக்கும். பிள்ளைக்கு ஊசியில் பாலை ஏற்றுகிறார்கள் என்று வெளியே ஒரு பாட்டி கூச்சல் போட்ட நாளெல்லாம் உண்டு. நீங்களும் பார்த்துப் பதறாதீர்கள்.


வைகைக்கரை
காலை 7.40

அண்ணா, இப்போது உள்ளே கொண்டு போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மருத்துவ விஷயத்தை அக்கா சொல்லிவிட்டார். நான் மற்றதற்கு வருகிறேன்.

பப்பாளிக் கதையை இன்றைக்கே நிறுத்துங்கள். எனக்கு அன்னாசி என்றார்கள், கிரகணத்தன்று வெளியே வந்தேன் என்றார்கள். பிறகு சர்ஜனிடமே கேட்டேன். அவர் ஒரு சீட்டில் படம் போட்டுக் காட்டினார். கரு உண்டான ஆறாவது வாரத்தில், வயிற்றில் இடம் போதாமல் குடல் தொப்புள்கொடிக்குள் போய் வளருமாம். பத்தாவது வாரம் வாக்கில் சுற்றிக்கொண்டே வயிற்றுக்குள் திரும்பி வரும், மொத்தம் 270 டிகிரி. அந்தச் சுற்று பாதியில் நின்றுவிட்டால் குடல் சுவரோடு அகலமாக ஒட்டாமல் ஒரு குறுகிய காம்பில் தொங்கும், ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி எப்போது வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளும். சுற்றினால் ரத்தம் நின்றுவிடும். ஆறாவது வாரத்தில் பலருக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே அப்போதுதான் தெரிந்திருக்கும். யார் எதைச் சாப்பிட்டும் இது வருவதில்லை, எதைச் சாப்பிடாமல் இருந்தும் தடுத்திருக்க முடியாது. உங்கள் மனைவி காதில் அந்தப் பேச்சு விழுமுன் நீங்களே அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மருமகள் சொன்னால் எடுபடாது, மகன் சொன்னால்தான் எடுபடும்.

உங்கள் மனைவியிடம் உண்மையைச் சொல்லுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னிடமும் மறைத்தார்கள். "லைட்"டில் இருக்கிற பிள்ளையைப் பார்க்க ஏன் வீட்டில் இருக்கிற ஆம்பளைகள் அத்தனை பேரும் ராத்திரியில் கிளம்பிப் போகிறார்கள் என்று யோசிக்கத் தெரியாதவர்களா நாங்கள்? நான் மோசமாகத்தான் கற்பனை செய்துகொண்டேன். குழந்தை போய்விட்டது, எனக்குச் சொல்லவில்லை என்றே முடிவு செய்துவிட்டேன். ஆபரேஷன் நடந்தது, உயிரோடு இருக்கிறாள் என்று கேட்டபோது எனக்கு வந்தது நிம்மதி. பெரியவர்கள் யாருக்கும் அது புரியவில்லை.

அதோடு இதில் நடைமுறைக் காரணமும் இருக்கிறது. குழந்தை சப்பாமல் இருக்கும்போது பாலைப் பீய்ச்சி எடுத்தால்தான் சுரப்பு நிற்காமல் இருக்கும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும் ஒருமுறையாவது. லைட்டில் இருக்கிற குழந்தை நாளைக்கு வந்துவிடும் என்று நினைக்கிற அம்மா எதற்காக அவ்வளவு சிரமப்பட்டுப் பீய்ச்சுவாள்? அதிர்ச்சியில் பால் வற்றிவிடும் என்று பயந்தால், எடுக்காமல் விட்டால்தான் நிச்சயமாக வற்றும். குடல் ஆபரேஷன் ஆன குழந்தைக்குத் தாய்ப்பாலைவிட எளிதில் செரிக்கிற உணவு இல்லை. பால் கொடுக்க அனுமதிக்கும் முன்பே சீம்பாலைப் பஞ்சில் தொட்டு வாய்க்குள் தடவுகிற வழக்கம் சில வார்டுகளில் உண்டு, உங்கள் வார்டில் கேட்டுப் பாருங்கள். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கியும் இருக்கிறது. தொடக்கத்தில் பால் போதவில்லை என்றால் அதையும் விசாரியுங்கள்.

சொல்கிற விதம் முக்கியம். போனில் வேண்டாம், நேரில் போய்ச் சொல்லுங்கள். குழந்தையின் போட்டோ ஒன்று எடுத்துப் போங்கள். டியூபெல்லாம் தெரிகிற போட்டோவாகவே இருக்கட்டும். பிறகு நேரில் பார்க்கும்போது திடுக்கிட மாட்டார்.

பின்னால் வரப்போவதையும் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு இரண்டு வயதில் ஒருமுறை பச்சை வாந்தி வந்தது. பழைய தையலை ஒட்டி உள்ளே குடல் ஒட்டிக்கொண்டு அடைப்பு. நல்லவேளை, டியூபும் டிரிப்பும் போட்டே சரியாகிவிட்டது, மறுபடி வெட்டவில்லை. வயிறு திறந்த யாருக்கும் இது வரலாம். அதனால் வாழ்நாள் முழுக்க ஒரே விதி: பச்சை வாந்தி என்றால் மருந்துக்கடை இல்லை, கை வைத்தியம் இல்லை, நேராக சர்ஜன். ஆபரேஷன் பெயர், தேதி, அப்பெண்டிக்ஸ் எடுத்தாயிற்று, பெருங்குடல் இடப்பக்கம் இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி லேமினேட் செய்து அவள் ஸ்கூல் பையில் போட்டிருக்கிறேன். மற்றபடி பரோட்டா முதல் மாங்காய் வரை எதையும் விடுவதில்லை.


குடும்ப அட்டை
காலை 9.05

சகோ, செலவு பற்றி எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. மருத்துவமனைக்குள்ளேயே அந்தத் திட்டத்துக்கென்று ஒரு கவுண்டர் இருக்கும். ஸ்மார்ட் கார்டு, உங்கள் இருவரின் ஆதார், பிரசவமான இடத்தில் கொடுத்த பிறப்புச் சீட்டு இவற்றை எடுத்துக்கொண்டு இன்றைக்கே போய்ப் பேசுங்கள். அட்டை இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று கேட்க வேண்டியிருக்கும். நீங்கள் அலைய வேண்டாம், மச்சானை அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் அன்றைக்குப் போய் நின்றால் ஒன்றும் நடக்காது.


களத்துமேடு
மாலை 6.20

எல்லாருக்கும் நன்றி. வரிசையாகச் சொல்கிறேன்.

காலையில் திறந்தார்கள். அந்த ஊதா இடம் பாதி தேறிவிட்டது, பாதி தேறவில்லை. 14 செ.மீ. குடலை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் அப்போதே இணைத்துவிட்டார்களாம். வயிற்றுக்கு வெளியே குடலைக் கொண்டுவந்து வைக்கவில்லை. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் இருக்கும் வால்வு தப்பித்துவிட்டது, அது பெரிய விஷயம் என்றார் சர்ஜன். மற்ற குடல் எல்லாம் நல்ல சிவப்பு. சிறுநீர் கேட்டேன், மணிக்கு 5 மி.லி. லாக்டேட் கேட்டதும் ஜூனியர் டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நீங்க லேப்ல வேலை பாக்கிறீங்களா என்றார். நெல் கொள்முதல் என்றேன். சிரித்துவிட்டு, நேற்று 4.8, இன்று 2.1 என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

மதியம் மன்னார்குடி போய் வந்தேன். மாமியாரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போய்ச் சொன்னேன். போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அழுதாள்தான். ஆனால் முதலில் கேட்டது, "லைட்டுன்னு சொல்லச் சொன்னது யாரு?" என்று. நான் பதில் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் மார்பு கல்லாகக் கட்டி ராத்திரியெல்லாம் வலிக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை என்றாள். கடையில் பம்ப் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், அங்கே இருக்கும் சிஸ்டர் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். பப்பாளி விஷயத்தை அம்மாவிடம் பேசிவிட்டேன். அம்மா கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார், போகட்டும்.

மச்சான் கவுண்டருக்குப் போயிருக்கிறார். அட்டை இருக்கிறது. ஆனால் அதில் என் பெயரில் ஒரு எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகவில்லை. ஊருக்கெல்லாம் பட்டியலில் பெயர் சரிபார்ப்பவன் நான், என் அட்டையில் இப்படி.

இரண்டே கேள்வி. 14 செ.மீ. என்பது அதிகமா? மன்னார்குடியிலிருந்து இங்கே பஸ்ஸில் பாலைக் கொண்டுவந்தால் கெடாதா? அவளுக்கு டிஸ்சார்ஜ் ஆக இன்னும் இரண்டு நாள் ஆகும்.


வார்டு அக்கா
இரவு 8.45

தம்பி, நிறைமாதக் குழந்தையின் சிறுகுடல் சுமார் 250 செ.மீ. இருக்கும். வளர வளர அதுவும் நீளும். அதில் 14 போனதற்குப் பயப்பட வேண்டாம். அந்த வால்வு இருப்பது உணவைக் கொஞ்சம் நிறுத்தி அனுப்பும், பெருங்குடலில் இருக்கும் கிருமிகள் மேலே ஏறாமலும் பார்த்துக்கொள்ளும். எந்தப் பகுதியை எடுத்தார்கள் என்று மட்டும் கேட்டு எழுதி வையுங்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி என்றால் வைட்டமின் பி12 அங்கேதான் உறிஞ்சப்படுகிறது, பின்னாளில் ரத்தத்தில் அதைப் பார்க்கச் சொல்வார்கள். இணைத்த இடம் ஆற வேண்டும், அதனால் பால் கொடுப்பது தள்ளிப்போகும். அவசரப்படுத்தாதீர்கள். இடையில் டியூபில் மறுபடி பச்சை தெரிந்தாலும் காலையில் எழுதியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பால் வரும் வழி: மூடி இறுக்கமான, கொதிக்க வைத்த சின்னப் பாத்திரம். ஸ்டீலோ கண்ணாடியோ போதும், வார்டிலேயே கொடுத்தால் அதுதான் சிறப்பு. ஒவ்வொரு முறை எடுத்ததையும் தனித்தனியாக வைக்க வேண்டும், சூடான புதுப் பாலைப் பழைய பாலோடு கலக்கக் கூடாது. மேலே அம்மா பெயர், தேதி, எடுத்த நேரம். வெளியே வைத்தால் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரம் என்பது நாங்கள் கடைப்பிடித்த கணக்கு. உங்கள் வார்டில் வேறு கணக்கு சொன்னால் அதுதான் சட்டம். ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்து எடுத்து வாருங்கள், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தாங்கும். இப்போது குழந்தைக்குக் கொடுக்காவிட்டாலும் வாங்கி உறைய வைக்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் சில நாள் பாலை வீணாக்கக் கூடாது.

அம்மாவுக்கு மார்பு கட்டியிருப்பதை இன்றைக்கே அங்கிருக்கும் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் தள்ளிப் போட வேண்டாம்.


களத்துமேடு
இரவு 9.20

சரி அக்கா. மேல்பகுதியும் இல்லை, கடைசியும் இல்லை, நடுவில் எடுத்தோம் என்றார்கள், எழுதிக்கொண்டேன். அவளுக்குப் போன் போட்டேன், டாக்டரிடம் காட்டிவிட்டாளாம், காய்ச்சல் இல்லை. வார்டில் ஃப்ரீசர் இருக்கிறது, பெயர் ஒட்டிக் கொடுத்தால் வைத்துக்கொள்கிறோம் என்றார் சிஸ்டர். வீட்டில் இருக்கும் தெர்மாகோல் பெட்டி மல்லிப்பட்டினத்து மீன் வாங்கி வரும் பெட்டி. காலையில் புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறேன்.